நட்சத்திர மீன் குற்றவாளியா?

நம்ம மரவள்ளிச் செடி வாடும்போது அதுல எறும்பு ஊரும். ஆனால் சாறை உறிஞ்சுவது மாவுப்பூச்சி. அது விடும் இனிப்புக் கழிவைத் தின்னத்தான் எறும்பு வருது!

கடல் பவளத்திலும் இதே கதைதான். பவளம் கல்லு மாதிரி இருந்தாலும் உயிருள்ள விலங்கு. பவளம் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டியில் நகம் அளவு ஆஸ்டெரினா நட்சத்திர மீன்கள் பெருகும். செத்த பவளத்தின் மேல் அதைப் பார்த்தால், "இதுதான் தின்னுடுச்சு" என்று பிடித்து எறிவார்கள். ஆனால் பெரும்பாலும் அவை தின்பது கண்ணாடியிலும் கல்லிலும் படிந்த பாசியை. சில வகைகள் மட்டுமே பவளத்தைத் தின்னும்.

அப்போ நிஜ எதிரி? ஒரு அடி அகலம் வளரும் முட்கிரீட நட்சத்திர மீன்! வயிற்றையே வாய் வழியாக வெளியே தள்ளி, பவளத்தைக் கரைத்து உறிஞ்சும். லட்சத்தீவு, அந்தமான் கடலில் உண்டு. அதுவும் குட்டியில் பாசிதான் தின்னும்!

2016-ல் நம் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் வெளுத்துச் செத்தன. அதுக்குக் காரணம் மீனே இல்லை, கடல் சூடானதுதான்.

பக்கத்தில் இருப்பவர் எல்லாம் குற்றவாளி இல்லை. வகுப்பில் பேனா காணாமப் போனா, பக்கத்து பெஞ்சுக்காரர் மேல பழி போடறதுக்கு முன்னாடி நட்சத்திர மீனை நெனச்சுப் பாருங்க!