மண்ணில் தங்கிய ஈயம்



தவழும் குழந்தை மண்ணைத் தொட்ட கையை வாயில் வைப்பது வழக்கம். கையைக் கழுவிவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். ஆனால் அந்த மண்ணே நஞ்சாகிப் போயிருந்தால்? அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை ஒட்டிய வெர்னன் பகுதியைச் சுற்றி வாழும் ஏழைத் தொழிலாளர் குடும்பங்களின் கவலை இதுதான்.

1922 முதல் அங்கே ஓர் உலோக உருக்காலை இயங்கியது. பிற்காலத்தில் பழைய கார் பேட்டரிகளை உடைத்து, ஈயத்தை உருக்கி எடுக்கும் ஆலையாக அது மாறியது. 2000-இல் எக்சைடு டெக்னாலஜீஸ் நிறுவனம் அதை வாங்கியது. (நம் நாட்டில் எக்சைடு பேட்டரி தயாரிக்கும் நிறுவனம் வேறு.) இடைக்கால அனுமதியை மட்டும் வைத்துக்கொண்டே முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆலை ஓடியது. அதன் தூசி வீட்டு முற்றங்களிலும் பள்ளி மைதானங்களிலும் படிந்தது.

ஈயத்துக்கு ஏன் இத்தனை அச்சம்? நம் உடல் அதைச் சுண்ணாம்புச் சத்து என்று எண்ணி ஏற்று, எலும்பில் சேர்த்து வைக்கிறது. வளரும் குழந்தையின் மூளையை அது பாதிக்கிறது. படிப்பும் கவனமும் குன்றுகின்றன. இந்த அளவு வரை ஆபத்தில்லை என்று சொல்ல ஓர் அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பாயில் ஹைட்ஸ் பகுதியின் உயிர்ப்பு ஆலயப் பங்கு மக்கள் தங்கள் பங்குத்தந்தையோடு சேர்ந்து இதை எதிர்த்துப் பல ஆண்டுகள் குரல் கொடுத்தார்கள். கடைசியில் 2015 மார்ச்சில், குற்ற வழக்கைத் தவிர்க்க நிறுவனம் ஓர் உடன்பாட்டுக்கு வந்தது: ஆலையை நிரந்தரமாக மூடி, இடத்தைச் சுத்தம் செய்து தரும்.

ஆலை மூடியது, ஈயம் போகவில்லை. ஈயம் மக்காது, மண்ணோடு ஒட்டிக்கொண்டு பெரும்பாலும் மேல்மண்ணிலேயே தங்கிவிடும். அதனால்தான் மேல்மண்ணை அகற்றினால் பயன் உண்டு. முதலில் முற்றத்தில் பல இடங்களில் மண் எடுத்து அளக்கிறார்கள். ஒரு கிலோ மண்ணில் 80 மில்லிகிராம் என்பதைக் கலிபோர்னியா அரசு எல்லையாக வைத்தது. மிகுதியாக இருந்தால், தூசி பறக்காதபடி தண்ணீர் தெளித்து, ஒன்றரை அடி ஆழம் வரை தோண்டி, மூடிய லாரிகளில் ஏற்றிச் சென்று, நல்ல மண்ணை நிரப்புகிறார்கள். நஞ்சு அழிவதில்லை; பாதுகாப்பான இடத்துக்கு மாற்றப்படுகிறது, அவ்வளவுதான்.

ஆலையைச் சுற்றி ஏறக்குறைய இரண்டே முக்கால் கிலோமீட்டர் தூரத்துக்குள் சுமார் 10,000 மனைகள். 2016-இல் மாநில அரசு 17.66 கோடி டாலர் ஒதுக்கியது. அது போதாமல் பின்னர் 70 கோடி டாலரையும் தாண்டியது. நிறுவனமோ திவாலாகி, 2020 அக்டோபரில் நீதிமன்ற அனுமதியோடு ஆலை இடத்தைக் கைவிட்டது. சுமை மக்களின் வரிப்பணத்தின்மேல் விழுந்தது.

இதைவிட வேதனையானது இன்னொன்று. சுத்தமாகிவிட்டதாகச் சொல்லப்பட்ட வீடுகளின் மண்ணை ஆய்வாளர்கள் மீண்டும் அளந்து பார்த்தார்கள். பல வீடுகளில் ஈயம் அந்த எல்லையைத் தாண்டி இருந்தது. இது 2023-இல் வெளிவந்தது. இனி பயமில்லை என்று நம்பித்தானே அந்த முற்றத்தில் பிள்ளைகளை விளையாட விட்டிருப்பார்கள்!

லாரி போய்விட்டால் வேலை முடிந்தது என்பது ஒப்பந்தக்காரரின் கணக்கு. மறுபடி அளந்து, குழந்தை அங்கே அச்சமின்றித் தவழலாம் என்று உறுதியான பிறகே முடிந்தது என்பது தாயின் கணக்கு. இறைவன் மனிதனை மண்ணால் உருவாக்கினார் என்று நம்பும் நாம், எந்தக் கணக்கைக் கேட்கப் போகிறோம்? நம் வீட்டுப் பழைய பேட்டரியையும் கண்ட இடத்தில் போடாமல், விற்ற கடையிலேயே திருப்பிக் கொடுப்போம். அது எங்கே, யார் வீட்டருகே உடைபடுகிறது என்பதும் நம் அக்கறையாகட்டும்.