பழைய மின்கலத்துக்கும் தேவை தரச்சான்று

கடப்பாக்கம் கடற்கரையில் மீன் வாங்குவோர் செவுளைத் தூக்கிப் பார்த்த பின்னரே விலை பேசுவர். ஹைபிரிட் கார்களில் இருந்து கழற்றப்படும் மின்கலங்களில் அத்தகைய அடையாளம் இல்லை. நல்லதும் நலிந்ததும் ஒன்றுபோலவே தோன்றும்.

இரண்டாம் தலைமுறை டொயோட்டா பிரியஸ் காரில், ஆறு கலங்கள் கொண்ட 28 தொகுதிகள் தொடராக இணைக்கப்பட்டுள்ளன. அவற்றில் ஒன்றிரண்டு பழுதானாலே முழு பேட்டரியும் பயனற்றதாகிவிடக்கூடும். எஞ்சியவற்றுள் பல இன்னும் உழைக்கக்கூடியவை.

மின்னழுத்தத்தை மட்டும் அளந்து அவற்றை இனங்காண இயலாது. முழுமையாக மின்னேற்றி, சீரான மின்னோட்டத்தில் இறக்கி, எத்தனை ஆம்பியர்-மணி கிடைக்கிறது எனக் கணக்கிட வேண்டும். உள்மின்தடையை அளக்க வேண்டும். சில நாள்கள் வைத்திருந்து, தானாக இழக்கும் மின்னேற்றத்தையும் கவனிக்க வேண்டும். பின்னர் நிகரானவற்றையே ஒன்றுசேர்க்க வேண்டும். முழு பேட்டரியின் மின்னழுத்தம் ஏறத்தாழ 200 வோல்ட். உயிருக்கே ஆபத்தானது என்பதால், இது பயிற்சி பெற்றோருக்கு மட்டுமே உரிய பணி.

நான் பல்லாண்டுகள் வகுப்பறையில் கற்பித்த பாடம் இங்கும் பொருந்துகிறது. தரம் விற்பவருக்கு மட்டுமே தெரிந்தால், நல்ல பொருள் சந்தையைவிட்டே விலகிவிடும் என்பதைப் பழைய கார் சந்தையைக் கொண்டு 1970-இல் விளக்கினார் ஜார்ஜ் அகெர்லாஃப். சோதனை இல்லாத இடத்தில் நல்ல கலமும் கழிவின் விலைக்கே போகும்.

பயன்படுத்திய மின்கலங்களைப் புதுப்பிக்கும் அல்லது மறுசுழற்சி செய்யும் பொறுப்பை 2022-ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளர்மீது சுமத்துகின்றன. மறுவிற்பனைக்கு வரும் ஒவ்வொரு தொகுதியிலும் சோதனை முடிவைப் பொறிப்பது கட்டாயமாக்கப்பட வேண்டும். வாங்குபவர் பார்த்தறியும் செவுள் அதுவே.