காவற்காரர் மட்டும் குடியிருக்கலாம்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில், ஒரு குடும்பம் இருந்த வளவில் இன்று பத்துப் பதினைந்து குடும்பங்கள் இருக்கின்றன. யாழ்ப்பாணத்துக் காணியை விற்ற காசும், லண்டனிலும் ரொறன்ரோவிலும் பிள்ளைகள் உழைத்த காசும் அந்தத் தொடர்மாடிகளுக்குள் போயிருக்கின்றன. வீடு பார்க்க வருபவர்கள் எத்தனை அறை, லிஃப்ட் உண்டா, கோயில் கிட்டவா, கடல் தெரியுமா என்று கேட்கிறார்கள். "சி.ஓ.சி. எடுத்தாச்சா?" என்று கேட்பவர்கள் குறைவு. முற்பணம் கொடுப்பதற்கு முன் கேட்கவேண்டிய முதற் கேள்வி அதுதான்.

கட்டடம் ஒன்றுக்கு இரண்டு கடதாசிகள் முக்கியம். கட்டத் தொடங்குமுன் பெறுவது அபிவிருத்தி அனுமதிப்பத்திரம். கட்டி முடித்தபின் பெறுவது இணக்கச் சான்றிதழ், அதாவது சி.ஓ.சி. இப்படிக் கட்டலாம் என்கிறது முதலாவது. அப்படியேதான் கட்டப்பட்டிருக்கிறது என்கிறது இரண்டாவது. பலர் முதலாவதைக் காட்டியே விற்றுவிடுகிறார்கள். ஐந்து மாடிக்கு அனுமதி எடுத்து ஏழு மாடி எழுப்பியவரிடமும் அந்த முதற் கடதாசி இருக்கத்தான் செய்யும்.

சான்றிதழ் வேண்டும் என்பது நேற்று வந்த விதியல்ல. 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமே, சான்றிதழ் கிடைக்கும்வரை புதுக் கட்டடத்தில் காவற்காரரைத் தவிர எவரும் குடியிருக்கக் கூடாது என்று சொல்கிறது. 1978இன் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் இதை இன்னும் இறுக்கியது. அனுமதியை மீறிக் கட்டினால், வேலையை நிறுத்தவும் கட்டியதை இடிக்கவும் அறிவித்தல் கொடுக்கலாம். பணியாதவர்மீது நீதவான் நீதிமன்றத்தில் இடிப்புக் கட்டளை கோரலாம். கட்டுமான ஒழுங்குவிதிகள் 1986இல் வந்தன. இப்போது நடைமுறையில் இருப்பவை 2021 ஜூலையில் வர்த்தமானியில் வெளியான புதிய விதிகள்.

கட்டடம் சரிந்தால் என்ன ஆகும் என்பதை நாம் பார்த்திருக்கிறோம். 2017 மே 18ஆம் திகதி வெள்ளவத்தை சார்லிமன்ட் வீதியில், சவோய் திரையரங்குக்கு அருகே பல மாடிக் கட்டடம் ஒன்று பட்டப்பகலில் சரிந்தது. உயிர் போனது, பலர் காயப்பட்டார்கள். ஒரு வருடம் ஆகுமுன், 2018 பெப்ரவரியில், கொட்டாஞ்சேனையை அடுத்த கிராண்ட்பாஸில் களஞ்சியமாகப் பயன்பட்ட பழைய கட்டடம் இடிந்து ஏழு பேர் இறந்தார்கள். சென்னை மௌலிவாக்கத்தில் 2014 ஜூனில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்தபோது இறந்தவர்கள் 61 பேர். அங்கே வேலை செய்துகொண்டிருந்த கூலித் தொழிலாளரே அவர்களில் பெரும்பாலானோர்.

அத்திவாரமும் தூண்களும் மேலே வரப்போகும் பாரத்தைக் கணக்கிட்டே அளக்கப்படுகின்றன. வரைபடத்தில் இல்லாத ஒரு மாடியை ஏற்றும்போது அந்தப் பாரம் கீழ்த்தட்டுத் தூணுக்குத்தான் இறங்குகிறது. வீடாக வரைந்த தளத்தை மண்டபமாகவோ களஞ்சியமாகவோ மாற்றினாலும் இதே கதைதான். சுவரில் கீறல் விழும்வரை வெளியே ஒன்றும் தெரியாது. "இன்னும் ஒரு தட்டுத் தாங்கும்" என்று மேசன் பாஸ் சொல்வது அவருடைய அனுபவம். பொறியியலாளரின் கணக்கும் கையெழுத்தும் அந்த இடத்தில் கட்டாயம் வேண்டும்.

வெளிச்சத்துக்கும் சட்டம் இருக்கிறது. வீதியின் எதிர்ப்பக்கத்திலிருந்து 63½ பாகைக் கோணத்தில் ஒரு கோடு இழுத்தால், கட்டடம் அதற்கு மேலே போகக்கூடாது என்பது கொழும்பின் பழைய அளவு. வீதியின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு உயரம் என்று வைத்துக்கொள்ளலாம். 20 அடி ஒழுங்கையில் 40 அடி. பின்வளவில் விடவேண்டிய வெற்றிடமும் இதே நோக்கத்துக்குத்தான். கையை நீட்டினால் பக்கத்துச் சுவர் முட்டும் குசினி யன்னலில், பகலிலும் மின்குமிழ் எரியவேண்டிய வீட்டில் இருந்தவர்களுக்கு அந்தக் கோணத்தின் அருமை தெரியும்.

வெள்ளவத்தைக்கு இன்னொரு விதியும் உண்டு. கடலின் சராசரி உயர்நீர்மட்டத்திலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். மரைன் டிரைவ் ஓரத்துக் காணிகள் அதற்குள் வருவதால், 1981இன் 57ஆம் இலக்கச் சட்டப்படி கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் தேவை.

கொட்டாஞ்சேனையின் சங்கடம் வேறு. புதிதாகக் காணி பிரிக்கப் பொதுவான குறைந்த அளவு 6 பேர்ச், ஏறத்தாழ 150 சதுர மீற்றர். அங்கே எத்தனையோ வீடுகள் இரண்டு, மூன்று பேர்ச்சில், பக்கத்து வீட்டோடு பொதுச் சுவரில் நிற்கின்றன. மகளுக்குக் கல்யாணம் வரும்போது மேலே ஓர் அறை எடுக்கவேண்டியிருக்கிறது. விதிகளோ பெரிய வளவை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அந்தக் குடும்பத்தையும், லாபத்துக்காக இரண்டு மாடி கூட்டிக் கட்டும் கொன்ட்ராக்டரையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் பழைய செங்கல் பொதுச் சுவரின்மேல் கொங்கிறீற் தட்டை ஏற்றினால் இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஆபத்து. ஆகவே சிறிய காணிக்காரருக்குக் குறைந்த செலவில் பொறியியலாளரின் ஆலோசனையும் தமிழில் தெளிவான வழிகாட்டலும் மாநகர சபையில் கிடைக்கவேண்டும். அரச அலுவலகத்தோடு தமிழில் எழுதிப் பேசும் உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறது.

தொடர்மாடி வாங்குபவருக்கு சி.ஓ.சி. இல்லாததன் விலை உறுதியில் தெரியவரும். 1973இன் 11ஆம் இலக்க மாடிவீட்டு உரிமைச் சட்டத்தின்கீழ் கட்டடத்தைப் பதிய அந்தச் சான்றிதழ் வேண்டும். பதிவு இல்லாவிட்டால் உங்கள் வீட்டுக்குத் தனி உறுதி எழுத முடியாது. கையில் விற்பனை உடன்படிக்கை மட்டும் இருக்கும். வங்கிக் கடனும் இழுபடும், பிறகு விற்பதும் கடினம். "அடுத்த மாதம் வந்துவிடும்" என்று சொன்னால், வந்தபின் மிச்சப் பணம் தருகிறேன் என்று உடன்படிக்கையிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

சான்றிதழின் பிரதியையும் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். உங்கள் நொத்தாரிசிடம் கொடுத்து, அவை உண்மையானவைதானா என்று மாநகர சபையில் சரிபார்க்கச் சொல்லுங்கள். பிறகு வீதியின் எதிர்ப்பக்கம் நின்று மாடிகளை எண்ணுங்கள். மொட்டைமாடியில் தகரம் போட்ட அறை இருந்தால் அதையும் சேர்த்து எண்ணிவிட்டு, வரைபடத்தில் எத்தனை என்று பாருங்கள்.