இரண்டு சதம் எங்கிருந்து வந்தது?



சென்ற மாதம் நமது வானொலியில் நான் ஆற்றிய உரையை எழுத்தில் தரும்படி சிலர் கேட்டிருந்தீர்கள். அதையே சற்று விரித்து இங்கே தருகிறேன். நான் கணனி படித்தவன் அல்ல, வணிகப் பட்டம் பெற்ற ஒரு கணக்காளன். ஆகவே கணக்காளன் கண்ணாலேயே இதைச் சொல்லப் போகிறேன்.

நமது வானொலியின் மாதச் செலவை 18 தொண்டர் குடும்பங்கள் சமமாகப் பகிர்ந்துகொள்கின்றன. பங்கைப் பிரித்துப் பற்றுச்சீட்டு அச்சடிக்க, பைதன் என்ற கணனி மொழியில் ஒரு தம்பி பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு நிரல் எழுதித் தந்தார். பின்னர் அவர் குடும்பத்தோடு லண்டனுக்குப் போய்விட்டார். அவர் போன பிறகும் நிரல் குறையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கலையகத்துக் கணனி பழுதாகிப் புதியது வாங்கியபோதுதான் சிக்கல் தொடங்கியது. பழையதில் இருந்தது பைதன் 2, புதியதில் இருப்பது பைதன் 3.

புதிய கணனி முதலில் நிரலை ஓட்டவே மறுத்தது. அச்சிடச் சொல்லும் "பிரின்ட்" என்ற கட்டளைக்குப் பைதன் 3 இல் அடைப்புக்குறி கட்டாயம். அடைப்புக்குறிகளைப் போட்டேன். நிரல் ஓடியது, பற்றுச்சீட்டுகளும் வந்தன. வேலை முடிந்தது என்று மகிழ்ந்தேன்.

இரண்டு நாள் கழித்து, பல்லாறோ சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் ஓர் அக்கா தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, போன மாசம் 13 யூரோ 88 சதம். இந்த மாசம் 89. செலவு கூடினதோ?" என்று கேட்டார். செலவு கூடவில்லை. இரண்டு மாதமும் அதே 250 யூரோதான்.

பைதன் 2 இல் ஒரு முழு எண்ணை இன்னொரு முழு எண்ணால் வகுத்தால் விடையும் முழு எண்ணாகவே வரும். 7 ஐ 2 ஆல் வகுத்தால் 3. பைதன் 3 இல் அதே கணக்குக்கு விடை 3.5. எங்கள் நிரல் சதத்தில் கணக்குப் பார்ப்பது. 25,000 சதத்தை 18 ஆல் வகுத்தால் பழையது 1,388 என்று சொல்லும். மிஞ்சும் 16 சதத்தை வானொலி உண்டியலில் இருந்து போடுவோம். புதியதோ 1388.88 என்று நீளும் பின்னத்தை வைத்துக்கொண்டு, அச்சிடும்போது 13.89 ஆக்கிவிட்டது. மிச்சம் என்ற இடத்தில் பூச்சியம். ஆனால் 13.89 ஐ 18 ஆல் பெருக்கிப் பாருங்கள், 250 யூரோ 2 சதம் வரும்.

இரண்டு சதம்தானே என்று விடலாம். ஆனால் நாங்கள் ஒரு துண்டுக் கடதாசியையும் எறியாத சனம். சொஜோர்ணோவுக்காக வரிசையில் நின்ற காலத்தில், ஒரு பற்றுச்சீட்டும் ஓர் எழுத்தும் எவ்வளவு பெறுமதி என்று கற்றுக்கொண்டவர்கள். அந்த அக்கா கேட்டது ஒரு சதத்தை அல்ல, கணக்கை நம்பலாமா என்பதை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. "பிரின்ட்" பிழை நேர்மையான பிழை. அது கணனியை நிறுத்திக் காட்டிக்கொடுத்தது. வகுத்தல் பிழை ஒரு சத்தமும் போடவில்லை. பதிப்பு மாறும்போது பயப்பட வேண்டியது ஓடாத நிரலுக்கு அல்ல, ஓடிக்கொண்டே வேறு விடை சொல்லும் நிரலுக்குத்தான்.

லீரா யூரோவாக மாறிய நாட்கள் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 2002 ஜனவரி 1 முதல் பெப்ரவரி 28 வரை இரண்டு காசும் கடைகளில் செல்லுபடியாகின. ஒரு யூரோவுக்கு 1936.27 லீரா. விலைச்சீட்டில் இரண்டு விலையும் இருக்கும். பைதனுக்கும் அப்படி ஓர் இடைக்காலம் இருந்தது. பைதன் 3 வெளிவந்தது 2008 டிசம்பரில். பைதன் 2 க்கான ஆதரவு முடிந்தது 2020 ஜனவரி 1 இல். அந்தப் பதினொரு ஆண்டுகளில் உலகெங்கும் நிரலாளர்கள் இரண்டிலும் ஓடும் நிரல்களை எழுதினார்கள். அதற்கு உதவிய ஒரு கருவியின் பெயர் "சிக்ஸ்", அதாவது ஆறு. இரண்டை மூன்றால் பெருக்கினால் ஆறுதானே! முத்து அண்ணாமலை முதலானோர் உருவாக்கிய "ஓப்பின் தமிழ்" என்ற தமிழ் நிரல் தொகுப்பும் அவ்வாறு இரண்டிலும் ஓடும்படி எழுதப்பட்டதே.

என் வீட்டு மடிக்கணனியில் பழைய பைதன் 2.7 இருந்தது. லண்டன் தம்பியிடம் தொலைபேசியில் கேட்டுக் கேட்டு, இரண்டிலும் ஒரே விடை வரும்படி நிரலைத் திருத்தினேன். செய்தவை நான்கு.

முதலாவது, நிரலின் தலையில் "ஃபியூச்சர்" என்ற வரியைச் சேர்த்தோம். புதிய வகுத்தலையும் புதிய பிரின்ட்டையும் இப்போதே பின்பற்று என்று பழைய பதிப்புக்குச் சொல்லும் வரி அது.

இரண்டாவது, முழு எண் விடை வேண்டிய இடத்தில் ஒற்றைச் சாய்கோட்டுக்குப் பதிலாக இரட்டைச் சாய்கோடு போட்டோம். இரண்டு பதிப்பிலும் அதற்கு ஒரே பொருள்.

மூன்றாவது, அரைச் சதம். 2.5 ஐ முழுமையாக்கச் சொன்னால் பைதன் 2 சொல்வது 3, பைதன் 3 சொல்வது 2. புதியது சரிபாதியை அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குக் கொண்டுபோகும். அதுவும் ஒரு முறைதான். ஆனால் யூரோ மாற்றத்துக்கான 1997 ஆம் ஆண்டு ஐரோப்பிய விதி, சரிபாதி வந்தால் மேலே கூட்டு என்கிறது. எங்கள் நிரலிலும் அந்த விதியையே வெளிப்படையாக எழுதிவிட்டோம்.

நான்காவது, தமிழ்ப் பெயர்கள். "தமிழ்" என்ற சொல் நமக்கு மூன்று எழுத்து. பைதன் 3 அதை ஐந்து என்று எண்ணும், ஏனெனில் விசிறியும் புள்ளியும் அதற்குத் தனித்தனிக் குறிகள். பைதன் 2 வழமையாக எண்ணுவது பதினைந்து, ஏனெனில் சேமிக்கும்போது ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் இடம் போகிறது. பெயருக்கான இடத்தைத் தம்பி பைட் கணக்கில் அளந்திருந்தார். புதியதில் நீண்ட பெயர்கள் காசுப் பகுதிக்குள் புகுந்தன. ஆகவே கோப்பிலிருந்து உள்ளே வரும்போதே பெயரை யூனிகோட் எழுத்தாக்கி, வெளியே போகும்போது மட்டும் பைட் ஆக்கும்படி மாற்றினோம்.

கடைசியாகச் செய்தது கணக்காளன் வேலை. கடந்த 12 மாதக் கணக்கை இரண்டு கணனியிலும் ஓட்டி, 216 பற்றுச்சீட்டுகளையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். எல்லாம் ஒத்துவந்த பிறகே புதியதை நம்பினேன். அக்காவுக்குத் திருத்திய சீட்டையும் ஒரு சதத்தையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே வாங்கி, இரண்டு சீட்டையும் ஒன்றாக இணைத்துக் கோவையில் வைத்தார்.

உங்கள் சங்கத்திலும் தமிழ்ப் பாடசாலையிலும் யாரோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போன பழைய நிரல்கள் இருக்கக்கூடும். கணனியை மாற்ற முன் பழைய விடைகளை எடுத்து வையுங்கள். புதியதை ஓட்டி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதுவரை பழைய கணனியை எறிய வேண்டாம்.

அடுத்த மாதம் இன்னொரு விடயத்தோடு சந்திப்போம்.