நோட்டீஸ் சொல்லும் ஊர்க் கதை!

1931-ம் ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி சென்னை கினிமா சென்ட்ரலில் "காளிதாஸ்" வெளியானது. தமிழின் முதல் பேசும் படம் அதுதான். கதாநாயகி டி.பி.ராஜலட்சுமி.

இன்று அந்தப் படத்தின் பிரதி கிடைக்கவில்லை!

அந்தக் காலத்து பிலிம் சட்டென்று தீப்பிடிக்கும். அதிலிருந்த வெள்ளிக்காக அழிக்கப்பட்ட பழைய படங்களும் உண்டு.

படம் போனாலும் காகிதம் பேசும். மாட்டு வண்டியில் மேளம் கொட்டி வீசிய நோட்டீசில் கொட்டகையின் பெயர் இருக்கும். காட்சி நேரம் இருக்கும். பாட்டுப் புத்தகத்தில் கதைச் சுருக்கமும் நடிகர் பட்டியலும் இருக்கும்.

இத்தகைய தகவல்களையும் புகைப்படங்களையும் வாழ்நாள் முழுவதும் சேர்த்தவர், 2016-ல் மறைந்த பிலிம் நியூஸ் ஆனந்தன். அந்த உழைப்பே 2004-ல் "சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு" என்ற நூலாக வந்தது.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய பாட்டுப் புத்தகம் இருக்கிறதா? எடைக்குப் போட்டுவிடாதீர்கள். இடித்துவிட்ட உங்கள் ஊர்க் கொட்டகைக்கு அதுவே கடைசிச் சாட்சியாக இருக்கலாம்!