தம்பி, தங்கை: மொழிபெயர்ப்பில் வயதுக்குறிப்பு

ஆங்கிலத்தின் 'பிரதர்', 'சிஸ்டர்' என்னும் சொற்கள் பாலை உணர்த்துவனவேயன்றி வயதை உணர்த்துவன அல்ல. தமிழிலோ இவ்விரண்டும் ஒரே சொல்லில் அடங்கியுள்ளன. மலாய் மொழி இடைவழியொன்றை மேற்கொள்கிறது. மூத்தவரை 'அபாங்', 'காக்காக்' எனப் பால் பிரித்துக் கூறும் அம்மொழி, இளையவர் ஆணாயினும் பெண்ணாயினும் 'அடிக்' என்றே குறிக்கிறது.

தம்பி, தங்கை என்பன கிழமைப் பொருளைத் தம்முள் கொண்டு தோன்றிய சொற்கள். எம்பி, உம்பி, தம்பி எனவும், எங்கை, நுங்கை, தங்கை எனவும் மூவிடத்திற்கும் உரிய வடிவங்கள் பழந்தமிழில் வழங்கின. மூத்தவனைக் குறித்த 'தம்முன்' என்பதனோடு ஒப்புநோக்க, தம்பியின் இறுதி 'பின்' என்பதன் சிதைவு எனக் கொள்வது பொருந்தும். தன்மை, முன்னிலை வடிவங்கள் இன்று வழக்கொழிந்தன. படர்க்கை வடிவமே எஞ்சியது. எனவே 'என் தம்பி' என்பதில் இரண்டு கிழமைகள் அடுக்கி நிற்கின்றன. பேசுவோர் எவரும் இதனை உணர்வதில்லை.

சொல்லின் பொருளும் எப்போதும் குருதியுறவோடு நிற்பதில்லை. சங்க அகப்பாடல்களில் தலைவி பரத்தையை 'எங்கை' என்று சுட்டுவதுண்டு. அங்கே உறவுச்சொல் ஊடலின் கருவியாகிறது. அதனை வெறும் தங்கை என்று பிறமொழியில் பெயர்த்தால் குத்தல் மறைந்துவிடும்; குடும்பத்தில் இல்லாத ஒருத்தியும் புகுந்துவிடுவாள்.

பிறமொழியிலிருந்து தமிழுக்கு வருவோர்க்கு இடர் வேறுவகையானது. மூலம் சொல்லாததைத் தமிழ் சொல்லியே தீரவேண்டும் என்கிறது. கிரேக்க நாடகங்களில் வரும் ஈடிபசின் மக்களை எடுத்துக்கொள்ளலாம். சோபக்ளீசின் 'கொலோனசில் ஈடிபஸ்' நாடகத்தில் பாலினைசீஸ் மூத்தவன். அவனைத் துரத்தியவன் தம்பி எட்டியோக்ளீஸ். யூரிப்பிடீசின் 'பினீசியப் பெண்கள்' நாடகத்திலோ பாலினைசீசே இளையவன். ஒரு நாடகத்தின் 'அண்ணன்' மற்றொன்றில் 'தம்பி' ஆகவேண்டும். இரண்டையும் ஒருங்கே பெயர்ப்பவர் ஒருமைப்படுத்த முயன்றால் அரசுரிமை வழக்கே தலைகீழாகும். ஆன்டிகனி இவர்களை எவ்வாறு விளிப்பாள்? 'மன்னன் ஈடிபஸ்' இறுதியில், ஆண்மக்கள் வளர்ந்தவர், அவர்க்குக் காப்பு வேண்டா என்று கூறும் தந்தை, சிறுமியர்க்கே காப்பு வேண்டுகிறான். ஆகவே அந்நாடகத்தின்படி இருவரும் அவளுக்கு அண்ணன்மாரே.

'சகோதரன்' என்ற வடசொல் இத்தகைய இடங்களில் புகலிடமாகத் தோன்றும். விவிலியத் தமிழிலும் ஆவணத் தமிழிலும் அது நன்கு பயன்படுகிறது. ஆனால் உடன்பிறந்தானின் பிணத்தருகே நிற்கும் பெண்ணின் வாயில் அச்சொல் ஒட்டாது. அண்ணா என்றோ தம்பி என்றோதான் அவள் அழுதாக வேண்டும்.