பெர்சியன் பூனைக்குட்டி வாங்கப் போறீங்களா? முதல்ல தாய்ப்பூனையைப் பாருங்க!

வாட்ஸ்அப்பில் போட்டோ, ஜிபேயில் அட்வான்ஸ், பஸ்ஸில் பார்சல். தூத்துக்குடியில் இப்படிக் குட்டி வாங்க நினைக்கிறவங்க கொஞ்சம் பொறுங்க. வீட்டில் வளர்த்து விற்பவரிடம் நேரில் போய்ப் பார்ப்பதே நல்லது.

காரணம் இருக்கு. பிறந்த 2 முதல் 7 வாரத்துக்குள் மனிதக் கை, மிக்ஸி சத்தம், குழந்தைகள் எல்லாம் குட்டிக்குப் பழகணும். கூண்டிலேயே வளர்ந்த குட்டி பெரும்பாலும் கட்டிலுக்கடியில் பதுங்கும், தூக்கினால் பிராண்டும். 8 வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்கவே கூடாது, 12 வாரம்னா இன்னும் நல்லது. "45 நாள் குட்டி ரெடி" என்றால் வேண்டாம்னு சொல்லிடுங்க.

தாய்ப்பூனை ஆட்களைக் கண்டு ஓடுதா, மடியில் உட்காருதா? அதுவே பாதி பதில். தடுப்பூசி அட்டையைக் கேளுங்க.

பெர்சியனுக்குப் பரம்பரையாக வரும் சிறுநீரக நீர்க்கட்டி நோய் உண்டு. தாய், தந்தை இரண்டில் ஒன்றுக்கு இருந்தாலே, பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் 50 சதவீத வாய்ப்பு. டிஎன்ஏ டெஸ்ட் ரிப்போர்ட் கேட்டால் முகம் சுளிப்பவரிடம் வாங்காதீங்க.

நம்ம கடற்கரைப் புழுக்கத்தில் அடர்முடிப் பூனையைத் தினமும் சீவி விடணும். காது ஓரம் வட்டமாக முடி கொட்டியிருந்தால் படர்தாமரையாக இருக்கலாம். வீட்டுக் குழந்தைகளுக்கும் ஒட்டும்.